எழுத்து வரிசையில் அடுக்கியவர்

ஆபீசில் அவரைச் 'சீப்பு' என்றால்தான் தெரியும். எதைக் கண்டாலும் வாரிச் சீவிவிடுவார். வீட்டில் கரண்டிகள்கூட உயர வாரியாகத்தான் தொங்கும்.

"என்னையும் ஒருநாள் மடிச்சு பீரோவுல வெச்சிடுவீங்க" என்பாள் மனைவி.

நோயாளியின் மூச்சு குறைந்தால் கத்துகிற பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் ஓடும் கெர்னல் என்கிற மூல புரோகிராம்தான் சீப்பின் பிழைப்பு. சுவிட்சைப் போட்டதும் கெர்னல், ஒவ்வொரு பாகத்தையும் ஓட்டும் குட்டி புரோகிராம்களான டிரைவர்களை, கோப்பில் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக எழுப்பும். பவர் டிரைவர் எழுந்து கரண்ட் விட்டால்தான் மூச்சு சென்சாருக்கு உயிர். அடுப்புப் பற்றாமல் உலை கொதிக்குமா?

ஆனால் இன்னது இன்னதற்குக் காத்திருக்க வேண்டும் என்று எவனும் எழுதி வைக்கவில்லை. கோப்பில் பவர் மேலே இருந்தது, சென்சார் கீழே இருந்தது. யார் செய்த புண்ணியமோ, ஓடியது. அந்தத் தாறுமாறு சீப்பின் கண்ணை உறுத்த, வரிகளை எழுத்து வரிசையில் அடுக்கினார். கோப்பில் B-யில் தொடங்கும் 'பிரெத்' சென்சார், P-யில் தொடங்கும் பவரின் தலைக்கு மேலே ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரிப் பெட்டிகளுக்கு அனுப்புமுன் ஆபீசில் சோதித்ததில் ஒரு குறையும் தெரியவில்லை. அங்கே யாரும் பிளக்கைப் பிடுங்குவதில்லை. ரீஸ்டார்ட்தான், கரண்ட் உள்ளேயே நிற்கும். ஆஸ்பத்திரியிலோ பிளக்கைப் பிடுங்கி வார்டு வார்டாக உருட்டுகிறார்கள். மறுபடி செருகியதும் சென்சார் முதலில் எழுந்து, கரண்ட் கேட்டு, கிடைக்காமல் படுத்துவிடும். வெளியே பச்சை விளக்கு மட்டும் சமர்த்தாக எரியும்.

ஒரு பெரியவருக்கு மூச்சு நின்றது. பெட்டி கத்தவில்லை.

ஆபீசுக்குத் திரும்பி வந்த பெட்டியின் பிளக்கைச் சீப்பு பிடுங்கிச் செருகிப் பார்த்தார்; பச்சை எரிந்தது, சென்சார் எழவில்லை. மேனேஜரிடம் ஓடினார்.

"வயசான ஆளுய்யா, எப்படியும் போயிருப்பாரு. அடுத்த அப்டேட்ல கமுக்கமா சரி பண்ணிடலாம்."

"சார், மத்த பெட்டியெல்லாம் இப்பவும் கட்டில் பக்கத்துல நிக்குதே!"

"அடுக்குனது யாரு? வாயத் தொறந்தா உங்க தலைதான் உருளும்."

சீப்பு மாடிப்படிக்குப் போய் வார்டுக்கு ஃபோன் போட்டார்.

"அம்மா, அந்த மூச்சுப் பெட்டிய நம்பாதீங்க. பக்கத்துலயே ஆள் இருந்து பாத்துக்கங்க."

"எந்தப் பெட்டிங்க?" என்றாள் நர்ஸ்.

"எல்லாம்மா. நான் பண்ண தப்பு."

"ஐயோ... இந்த வாரம் ஒண்ணுகூடக் கத்தல. மத்தவங்க எல்லாரும் தேறிட்டாங்கன்னுல்ல நிம்மதியா இருந்தோம்!"

அவள் ஃபோனை வைக்கவில்லை. அப்படியே போட்டுவிட்டு ஓடுவது மட்டும் கேட்டது.