ஒரு ராத்தல் கூடாத எட்டு மாதம்

மலாயாவில் கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துச் சிவசிதம்பரத்தை நாற்பத்து மூன்றாவது வயதில் பயம் பிடித்துக்கொண்டது. அப்பாவும் அண்ணனும் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. இருவரும் தொந்தி வைத்தவர்கள், இருவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்கள். கல்யாண வயதில் இரண்டு மகள்களை வைத்திருந்த மனுஷனுக்கு வேறு எதில் யோசனை ஓடும்?

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் திருநாவுக்கரசுவிடம் போய் நின்றார்.

"வருசத்துக்கு நாலு ராத்தல் ஏறிக்கிட்டே போறீங்க கிராணியாரே. இளைக்கச் சொல்லல, இனிமே ஏறாம பார்த்துக்குங்க, போதும். சோத்துல ஒரு பிடி குறைங்க. தேத்தண்ணிக்குச் சீனி வேணாம். சாயங்காலம் சைக்கிளை விட்டுட்டு நடங்க."

நல்ல யோசனைதான். காலம்தான் கெட்டுக் கிடந்தது. காட்டிலிருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசர காலம் போட்டு நாலு வருஷம். தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி, அரிசிக்கு அளவு, கேட்டில் சோதனை. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு கைப்பிடி அரிசி கொடுத்ததாகச் சந்தேகம் வந்தாலே லாரியில் ஏற்றிவிடுவார்கள். ஏறியவன் எப்போது திரும்புவான் என்று யாருக்கும் தெரியாது. நாடே சோற்றைத் தேடும்போது நம்ம கிராணி சோற்றைக் குறைக்கக் கிளம்பினார்.

ஆபீஸ் விட்டதும் காட்டோரம் இருந்த கடைசி ரப்பர் மர நிரை வரைக்கும் நடப்பார், கேட் மூடுமுன் திரும்புவார். மாதக் கடைசியில் ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில் தானே ஏறி நின்று, எடையை வீட்டுக் காலண்டரில் பென்சிலால் எழுதுவார். நூற்று அறுபத்தெட்டு. அடுத்த மாதமும் அதே நூற்று அறுபத்தெட்டு. பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி ஒரு பூரிப்பு.

கங்காணி முருகையா ஒருநாள் வழிமறித்தார். "ஐயா, கடைசி நிரை பக்கம் போவாதீங்கலா. மரத்துக்குப் பின்னால யாரு இருக்கான்னு தெரியாது. உங்கள யாரு பாக்குறான்னும் தெரியாது."

"நான் என்ர வயித்தைத்தான் நடத்திக்கொண்டு போறன்" என்று சிரித்தார் கிராணி. முருகையா சிரிக்கவில்லை.

வீட்டில் சிவபாக்கியம் உலையில் போடுமுன் கணவரின் பங்கில் ஒரு பிடி அரிசியை எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டுவந்தாள். திருப்பிக் கொடுத்தால் அடுத்த வாரம் அளவைக் குறைத்துவிடுவார்கள். எறிந்துவிடவோ மனசு கேட்கவில்லை. எட்டாவது மாதம் இரண்டாவது டின்னும் நிறைந்தது. அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவுமில்லை.

ஒரு சனிக்கிழமை காலை சோதனை வந்தது. போலீஸ் சார்ஜன் தங்கராஜு கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு டின்னையும் இழுத்து வெள்ளைக்கார அதிகாரியின் காலடியில் வைத்தார்.

"தினம் காட்டோரம் போறே. இந்த அரிசி யாருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லை ஐயா! நான் சாப்பிடாமல் விட்டது. உடம்பு ஏறக்கூடாது எண்டு..." காலண்டரைக் கழற்றி நீட்டினார். "பாருங்கோ, எட்டு மாசமா ஒரு ராத்தல் கூடேல்லை!"

அதிகாரி எண்களைப் பார்த்து ஏதோ சொன்னார். சார்ஜன் தமிழில் சொன்னார்: "எட்டு மாசம் சோத்தைக் குறைச்சவன் ஒரு ராத்தல்கூட இளைக்கலையே? யாருகிட்ட கதை விடுறேன்னு துரை கேக்குறாரு."

வராமலே போன தொந்தியை எப்படிக் காட்டுவது?

டிரெஸரைக் கூப்பிட்டார்கள். அவர் வாசலில் நின்ற லாரியைப் பார்த்தார், பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். "உடம்பைப் பார்த்துக்கச் சொன்னேன். சோத்தைக் குறைக்கச் சொன்னதா ஞாபகம் இல்ல." அவருக்கும் பெண்டு பிள்ளைகள் உண்டு. ஆனாலும் அந்த வாயை மன்னிக்கத் தோன்றவில்லை.

கிராணியை லாரியில் ஏற்றினார்கள். நாலு மாதம் கழித்துத்தான் தடுப்பு முகாமில் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்தவரைச் சிவபாக்கியம் முதலில் வேறு யாரோ என்று நினைத்தாள். பெல்ட்டைப் பிடுங்கியிருந்தார்கள். நழுவும் காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் மட்டும் அந்தப் பழைய மாதக் கடைசிப் பூரிப்பு.

"இஞ்சேர், அந்தத் துரையிட்டப் போய்ச் சொல்லு" என்றார் கிசுகிசுப்பாக. "நான் நல்லா இளைச்சுப் போனன் எண்டு சொல்லு. இனி நம்புவினம்."