மூடியைத் திறக்காத மூன்று நாள்

நான் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் எதுவும் ஒழுங்காக நடக்கும் என்பது என் நம்பிக்கை. குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் அடுப்பை நாலு முறை கூட்டிக் குறைப்பேன். அந்தப் புத்தியோடுதான் மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சவ்வு செய்யப் போனேன்.

சாயப்பட்டறைத் தண்ணீரிலிருந்து சாயத்தைப் பிரிக்கும் சவ்வு அது. ஒரே அளவு நுண்துளைகள் வரிசை பிசகாமல் அமைந்த படிகப் பாலிமர். கண்ணாடிக் கிண்ணத்தில், ஒன்றோடொன்று கலக்காத இரண்டு கரைசல்களை ஊற்றி மூடி வைத்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில், பாலில் ஏடு படிவதுபோல மூன்று நாளில் மெல்லப் படியும். வடிகட்டுவதில் கெட்டிக்காரச் சவ்வு. தூக்கினால் மட்டும் அப்பளமாக நொறுங்கிவிடும். அதை நொறுங்காமல் வடிவமைப்பதுதான் என் முனைவர் பட்டத் தலைப்பு.

மூலக்கூறின் அமைப்பையே மாற்றினேன். அதன் கையை நீட்டிப் பார்த்தேன், வளைத்துப் பார்த்தேன். நான்கு பாலிமர்களை, 'இயல்பிலேயே உடையக்கூடியது' என்று அறிக்கை எழுதி ஒதுக்கினேன். ஐந்தாவதைத் தொடங்கியபோது என் வழிகாட்டி, "பூஜை லீவு முடிஞ்சதும் ஒரு முழுச் சவ்வு காட்டும்மா. இல்லேன்னா தலைப்ப மாத்திருவோம்" என்றார். மூன்று வருட உழைப்பு. உண்மையாகவே பயந்தேன். பயந்தால் நான் இன்னும் அதிகமாகப் பார்ப்பேன். முந்தைய நான்கையுமே மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து, கிண்ணத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்து மூடியவள் நான்.

"கோழி கூட இப்படி எந்திரிச்சு எந்திரிச்சு முட்டையப் பாக்காது மேடம்" என்பார் ஆய்வுக்கூட உதவியாளர். என் வயதுதான் அவருக்கும். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. அன்று காலையில் ஐந்தாவது பாலிமருக்கான கரைசல்களைக் கிண்ணத்தில் ஊற்றி மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் தராசு, அடுப்பு, நுண்ணோக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். என் கிண்ணத்தின் மூடிக்கும் ஒரு பொட்டு. கையை நீட்டினேன்.

"பூஜையில வச்சதத் தொடக் கூடாது மேடம். மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும்." உதவியாளர் என் கையில் பொரிப் பொட்டலத்தைத் திணித்து வெளியே அனுப்பி, கதவைப் பூட்டினார். இன்னொரு சாவி அலுவலகத்தில் இருந்தது. அலுவலகமும் பூட்டியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் திருநகரிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு திருப்பரங்குன்றத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். குடும்பமே வேனில் ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, சாவியக் குடுங்க. ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன்."

"நாங்க அழகர்கோவில் போறோம். திங்கக்கிழமை வந்து நானே மறுபூஜை போடுறேன்."

"என் படிப்பே போயிரும்ணே."

"இம்புட்டு நாளாப் பாத்தீங்களே, நின்னுச்சா?" என்று கேட்டுவிட்டு ஏறிக்கொண்டார். வேன் கிளம்பியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த இரண்டு நாளும் வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை.

திங்கட்கிழமை சூடம் காட்டி முடித்ததும் திறந்தேன். கம்பி வளையத்தால் அடியிலிருந்து தூக்கினேன். சவ்வு முழுசாக வந்தது. அழுத்தச் சோதனையில் வைத்தோம், தாங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என்ன மாத்துன?" என்றார் வழிகாட்டி.

புது மூலக்கூறு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "மூடியத் திறக்கல சார். ரூம் பூட்டியிருந்துச்சு" என்றேன்.

"அப்ப பழைய நாலுல ஒண்ண எடு. கரைசல மட்டும் நீ கலக்கு. ஊத்தி மூடுறது ரூமப் பூட்டுன அவரு. மூணு நாளைக்கு இந்தப் பக்கமே வராத" என்றார்.

போகவில்லை. முதன்முதலில் நான் ஒதுக்கிய பாலிமரைத்தான் எடுத்திருந்தோம். நான்காம் நாள் அதுவும் முழுசாகவே வந்தது, அழுத்தத்தையும் தாங்கியது. தலைப்பு தப்பியது. வழிகாட்டி அலமாரியிலிருந்து என் நான்கு அறிக்கைகளையும் எடுத்து மேசையில் வைத்தார். முதல் அறிக்கையைத் திறந்து, 'இயல்பிலேயே உடையக்கூடியது' என்ற வரியை அடித்துவிட்டு, மூடியைத் திறந்து கிண்ணத்தைச் சாய்த்த என் கை காரணம் என்று எழுதினேன். இன்னும் மறுபடி செய்து பார்க்காத மற்ற மூன்றில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.