முதல் மறுப்பிலேயே போன பதவி

முதியோர் வாசிப்பு வட்டத்தை நடத்துவது என்பது, நூலைத் தவிர்த்த ஏனைய அனைத்தையும் பற்றிய கருத்துகளைப் பொறுமையுடன் செவிமடுக்கும் தொழில். இதில் உழல்வோர் நான் சொல்வதை உடனே ஒப்புக்கொள்வர். நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வட்டம் பழைய சீன வரலாற்று நாவல் ஒன்றைத் தமிழில் வாசித்து வருகிறது. அதில் ஒரு வம்சம் எழும், அறம் பேசும், அழுகும், விழும், அடுத்தது எழும்.

தோற்ற மன்னர்

நேர்மையான மன்னர் தோற்று, தந்திரமான அமைச்சர் வென்ற அத்தியாயம் அது. அறம் ஏன் தோற்றது என்று வினவினேன். மன்னாரைச் சேர்ந்த றீற்றா அக்கா சற்றும் தயங்கவில்லை.

"நல்லவர் விடியப் பூசைக்குப் போயிருப்பார், ரீச்சர். மற்றவர் அந்த நேரம் ஆக்களுக்குப் போன் அடிச்சிருப்பார்."

தலைவர்

எங்கள் வட்டத்தின் தலைவர் அருளானந்தம் அண்ணை. பிறம்ரன் நகரப் பண்டகசாலையில் அவர் பணியாற்றிய காலம் முழுவதும் அவருடைய பெயரை எவரும் முழுமையாக உச்சரித்ததில்லை. இங்கே அனைவரும் 'தலைவர்' என்று அழைப்பர். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் பனியிலும் இரண்டு பேருந்து மாறி வருவார். தோற்ற மன்னரின் குணம் அப்படியே தமக்கும் உண்டு என்று அவர் அறிவித்தார்.

"ஓம் அண்ணை, அவரும் ஒருத்தரையும் கதைக்க விடேல்லை" என்றார் றீற்றா அக்கா.

இரண்டு மறுப்பு

அரியணையைக் கைப்பற்ற வந்த தளபதி, அரசவையினர் அதை மன்றாடி வழங்கும்போது இருமுறை மறுத்து, மூன்றாம் முறை கண்ணீருடன் ஏற்கிறார். அக்கால மரபு அது என விளக்கினேன். அறை முழுவதும் அண்ணையைத் திரும்பிப் பார்த்தது. ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் அவர் பதவி வேண்டாம் என்பார், நாங்கள் மன்றாடுவோம், மூன்றாம் முறை இணங்குவார்.

"உது சீனாக்காரற்றை கள்ளப் பழக்கம், ரீச்சர்" என்றார் அண்ணை.

பொதுக்கூட்டம்

மறுவாரம் அண்ணை எழுந்தார். "எனக்கு வயசு போட்டுது. வேற ஆக்கள் வரட்டும்." வழக்கமாக மன்றாடுவோர் அன்று வாய் திறக்கவில்லை; நாவலில் வரும் அரசவையினரைப்போலத் தோன்றிவிடுவோமோ என்று ஒவ்வொருவருக்கும் கூச்சம். றீற்றா அக்கா எழுந்து, "சரி அண்ணை, களைச்சுப் போனியள். நான் செய்யிறன்" என்றார். கைதட்டினார்கள். அண்ணை உட்காரவே இல்லை. கைதட்டல் அடங்கிய பின்னர் என்னிடம் குனிந்தார்.

"நான் இன்னும் ஒருதரம் மறுக்க இருந்ததல்லோ, ரீச்சர்?"

அடுத்த வம்சம்

எல்லோரும் சமம் என்று கூறி, றீற்றா அக்கா முதல் வாரமே நாற்காலிகளை வட்டமாகப் போடுவித்தார். குளிர்காலத்திற்குள் அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் மெத்தை வந்திருந்தது. அண்ணை கதவோரம் அமர்ந்து தேநீர் ஊற்றினார். வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தில் றீற்றா அக்கா எழுந்து, "எனக்கு இனி ஏலாது, வேற ஆக்கள் வரட்டும்" என்றார். மீண்டும் அதே அமைதி. அக்காவின் முகம் வெளிறியது. அந்த அமைதியை முன்னரே அறிந்தவர் அறையில் ஒருவர் மட்டுமே இருந்தார். அவர் தேநீர்க் குடுவையை வைத்துவிட்டு, "நீர்தான் வேணும், றீற்றா" என்றார். அக்கா உடனே தலையசைக்க முற்பட, கையை உயர்த்தித் தடுத்தார்.

"அவசரப்படாதையும். ரெண்டாந்தரமும் மறுத்துச் சொல்லும், நாங்கள் கேக்கிறம்."

நாவலின் இறுதி அத்தியாயத்தை நாங்கள் இன்னும் எட்டவில்லை; எட்ட வேண்டிய அவசியமும் எனக்கு இப்போது புலப்படவில்லை.