முப்பத்தெட்டு மரங்களும் ஒரு சிவப்புக் கட்டமும்

போன திங்கட்கிழமை காலையில், ஜவ்வாது மலையில் ஒரு காடு செத்துவிட்டதாக எனக்குச் செய்தி வந்தது. சொன்னது மலைக்காரர்கள் யாரும் இல்லை. வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு சாட்டிலைட்.

அது சொன்னதை எனக்குப் படித்துக் காட்டியவள் ஜெனி. ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் தோல் டேனரியில் புதிதாக ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். மேசையின் பெயர் சஸ்டெய்னபிலிட்டி, அதாவது காட்டுக்கும் தண்ணீருக்கும் கேடில்லாமல் தொழில் நடக்கிறதா என்று பார்ப்பது. பாகாயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஜெனிதான் அந்த மேசைக்கு அதிகாரி. நான் அதே டேனரியில் குடோன் பார்ப்பவன். ஐந்தாம் வகுப்பு முழு ஆண்டுப் பரீட்சை அன்று காய்ச்சல் என்று படுத்தவன், இன்னும் எழுந்து பள்ளிக்கூடம் போகவில்லை... அது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

"அண்ணே, இங்க வாங்க. உங்க கடுக்காய் காட்ட பாருங்க."

கம்ப்யூட்டரில் மலை தெரிந்தது. மலைக்கு நடுவே கோடு போட்டு ஒரு கட்டம். கட்டத்துக்குள் முழுக்கச் சிவப்பு.

எங்கள் டேனரியில் ஒரு பகுதித் தோலை குரோமிய உப்பு போடாமல், மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்துகிறோம். அதை வாங்குவது ஐரோப்பாவில் ஒரு செருப்புக் கம்பெனி. முன்பெல்லாம் தோல் மெத்தென்று இருக்கிறதா என்று கேட்பார்கள். இப்போது, இந்தக் கடுக்காய் எந்த மரத்தில் காய்த்தது, அந்த மரம் இன்னும் அங்கேயே நிற்கிறதா, சுற்றி யாராவது காட்டை வெட்டினார்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

எங்களுக்குக் கடுக்காய் தருவது மலையில் மல்லிகா அக்காவின் மகளிர் குழு. அந்தக் காட்டில் காய் பொறுக்க அவர்களுக்கு முறைப்படி உரிமை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஜெனி மலைக்குப் போய், செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு மரங்களைச் சுற்றி நடந்தாள். அவள் நடந்த வழியெல்லாம் மேப்பில் கோடானது. அப்போது அந்தக் கட்டம் பச்சை.

"அப்போ எடுத்த படத்துல பச்சை இருந்துச்சு. இப்போ எடுத்ததுல இல்ல. காடு போச்சுன்னு சிஸ்டம் முடிவு பண்ணிடுச்சுண்ணே."

"மேல இருந்து பாத்தா, பச்சை இல்லாததெல்லாம் வெட்டுனதுதானா?"

"அப்டித்தான் எடுத்துக்கும்."

நான் தொப்பியைக் கழற்றிக் குனிந்து காட்டினேன். "அப்போ இது?"

"அது எப்பவோ வெட்டியாச்சுண்ணே. அதுக்கு யாரும் ஆதாரம் கேக்க மாட்டாங்க."

சிரித்தாள். ஆனால் முகம் சரியாக இல்லை. சனிக்கிழமைக்குள் செருப்புக் கம்பெனிக்குப் பதில் போகவேண்டும். போகாவிட்டால் குடோனில் இருக்கும் மகளிர் குழுவின் மூட்டைகள் திரும்ப மலைக்குப் போகும். குழுவின் பெயரும் லிஸ்டில் இருந்து போய்விடும். மூட்டையையாவது வேறு எங்காவது விற்றுக்கொள்ளலாம். காட்டை அழித்தவர்கள் என்ற பெயரை எங்கே கொண்டுபோய் விற்பது?

யாரை அனுப்பலாம் என்று முதலாளி யோசித்தார். என்னைக் கை காட்டினார். "படிச்சவங்க போனா யோசிச்சினு இருப்பாங்க. இவன் போனா போட்டோ எடுத்துனு வந்துடுவான்." முப்பது வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. பாராட்டா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். யோசிக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆலங்காயம் தாண்டி வண்டி மலையேறியது. பங்குனி வெயில். ஒவ்வொரு வளைவிலும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தது. கீழே ஊர்கள் தண்ணீரில் போட்ட சர்க்கரை போலக் கரைந்துகொண்டே போயின. சத்தம் போச்சு. தோல் வாசனை போச்சு. என் வண்டியின் டொட டொடப்பு மட்டும் மிச்சம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வழி முழுக்க நான் சாட்டிலைட் பக்கம்தான் இருந்தேன். அவ்வளவு உயரத்தில் இருப்பது பொய்யா சொல்லும்? மல்லிகா அக்காவை எப்படித் திட்டுவது என்று வளைவுக்கு ஒரு வசனம் தயார் செய்துகொண்டு போனேன்.

அக்கா ரோட்டோரம் காத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். காய் பொறுக்கும் கூடை இல்லாமல் அவரை நான் அன்றுதான் பார்த்தேன். விஷயத்தைச் சொல்லாமல், காட்டைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஒற்றையடிப் பாதையில் அரை மணி நேரம் நடந்தோம்.

காடு வந்தது. நான் நின்றுவிட்டேன்.

ஒரு மரத்திலும் ஒரு இலை இல்லை. சாம்பல் நிறத்தில் நிற்கிற வெறும் கிளைகள். வானம் எல்லா இடத்திலும் தெரிந்தது. கீழே முழங்கால் வரை சருகு.

"அக்கா... எல்லாமே செத்துப்போச்சா?"

"எது?"

"மரம்தான்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் தம்பி, நீ இத்தினி வருஷமா கடுக்காய் குடோன்லதான இருக்க?"

"ஆமா."

"மாசி பங்குனியில இலை கொட்டாம, பின்ன எப்போ கொட்டும்?"

எனக்குக் கடுக்காய் என்றால் மூட்டை. மூட்டை கொட்டும் என்று தெரியும். மரம் இலை கொட்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சாட்டிலைட்டும் நானும் ஒரே வகுப்பில்தான் படிப்பை நிறுத்தியிருக்கிறோம்.

அப்புறம்தான் சிவப்புக் கட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

"நாங்க வெட்டுனோம்னு எழுதி வெச்சிருக்காங்களா?"

"எழுதல. செவப்பு அடிச்சிருக்காங்க."

"ரெண்டும் ஒண்ணுதான். கீழ வுழுந்தத பொறுக்குறோம். கிளைய புடிச்சி உலுக்கக்கூட மாட்டோம். யாரு அவன் சொன்னவன்?"

"அவன் இல்லக்கா. அது."

"அதுவா? அப்போ அதும் மேல எப்படி கோவப்படறது?"

பெரிய கேள்வி. போனை எடுத்தேன்.

கட்டத்துக்குள் முப்பத்தெட்டு மரம். ஒவ்வொன்றையும் ஜெனி என் போனில் போட்டுக் கொடுத்த ஆப்பில் படம் எடுக்கவேண்டும். மரத்தடியில் போய் நின்றால் போனில் ஒரு நீல வட்டம் வரும். நாம் எங்கே நிற்கிறோம் என்று மேலே இருக்கிறவர்கள் கண்டுபிடிக்கும் வரை அது பெரிதாகவே இருக்கும். மெல்ல மெல்லச் சுருங்கும். புள்ளியாகும். அதற்குப் பிறகுதான் படம். அதுவரை அசையக் கூடாது.

நீங்கள் ஒரு மரத்தடியில் ரெண்டு நிமிஷம் அசையாமல் நின்றிருக்கிறீர்களா? நான் நின்றதில்லை. முதல் மரத்தில் கால் அரித்தது. மூன்றாவதில், யாரோ ரகசியம் பேசுவது மாதிரி இருந்தது... சருகுக்கு அடியில் ஏதோ பூச்சி நடக்கிறது. ஐந்தாவதில் கிளைகளின் நிழல் என் சட்டை மேல் விழுந்து, சட்டை ஒரு மேப் மாதிரி ஆனது. எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி தட்டியது. எனக்கு மேலே எத்தனையோ மைல் உயரத்தில் ஏதோ ஒன்று, நான் நிற்கிற இடத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. கை ஆட்டினேன். அது ஆட்டவில்லை. வட்டம் மட்டும் கொஞ்சம் சுருங்கியது.

பதினோராவது மரத்தில் சாய்ந்துகொண்டுதான் நின்றேன். எப்போது கண் மூடியது என்று தெரியவில்லை.

கனவில் இ-சேவை மையம். வாசலில் மரங்கள் வரிசையில் நிற்கின்றன. வேரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றையொன்று இடிக்காமல், ரொம்ப மரியாதையாக. கவுன்டரில் இருக்கிறவர், "கைரேகை வெச்சி பாருங்க" என்கிறார். ஒரு கடுக்காய் மரம் கிளையை வைக்கிறது. மேட்ச் ஆகவில்லை. "இலையோட வாங்க" என்கிறார். மரம் தலையாட்டிவிட்டு ஓரமாகப் போய் உட்காருகிறது. அதற்கு அவசரமே இல்லை. ஆடி வரைக்கும்கூட அங்கேயே உட்காரும் போலிருந்தது. எனக்கும் அதன் பக்கத்தில் உட்காரவேண்டும் போல...

"தம்பி, வட்டம் சுருங்குச்சா? இல்ல நீயே சுருங்கிட்டியா?"

கண்ணைத் திறந்தேன். வெயில் நகர்ந்திருந்தது. போன் சருகுக்குள் கிடந்தது.

எடுத்தவரை அனுப்பிப் பார்க்கலாம் என்று சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறினோம். ரெண்டு கோடு வந்தது. அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் ஜெனி கூப்பிட்டாள்.

"அண்ணே, போட்டோ வந்துச்சு. எல்லாத்துக்கும் 'டெட் ட்ரீ'ன்னு காட்டுது."

"இலை கொட்டுற மாசம் ஜெனி. அக்கா சொல்லுது. அதையே எழுதி அனுப்பிட்டா?"

"எழுதலாம். ஆதாரம் கேப்பாங்கண்ணே. ஒவ்வொரு மரமும் உயிரோட இருக்குன்னு காட்டணும்."

போனை வைத்துவிட்டு அக்காவிடம் கேட்டேன், மரத்துக்கு உயிர் இருக்கிறதென்று எப்படிக் காட்டுவது? நாடி பிடிப்பதா? நெஞ்சில் காது வைப்பதா?

அக்கா பாறையிலிருந்து இறங்கி, பக்கத்து மரத்தில் தாழ்வான ஒரு சின்னக் கிளையை வளைத்தார். கட்டைவிரல் நகத்தால் தோலை லேசாகக் கீறினார்.

உள்ளே பச்சை.

அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. ஈரமாக, இப்போதுதான் பெயின்ட் அடித்தது மாதிரி. அந்தச் சாம்பல் காடு முழுக்க, தோலுக்கு அடியில் அந்தப் பச்சையை ஒளித்து வைத்துக்கொண்டு சும்மா நின்றுகொண்டிருக்கிறது. பச்சைக்குப் பக்கத்தில் அக்காவின் நகம். கடுக்காய் உடைத்து உடைத்து மை மாதிரிக் கறுத்துப்போன நகம்.

"எடு போட்டோ. இன்னா பாத்துனு இருக்க?"

எடுத்தேன். மனுஷன் விஷயத்திலும் நாம் இதைத்தான் செய்கிறோம், இல்லையா? ஒருவனை அவனுடைய பங்குனி மாதத்தில் பார்க்கிறோம். கதை முடிந்தது என்று சிவப்பு அடித்துவிட்டுப் போய்விடுகிறோம். கிட்டே போய் ஒரு கீறல் கீற யாருக்கு நேரம்?

மறுபடி முதல் மரத்திலிருந்து ஆரம்பித்தோம். அக்கா கீறுவார், வட்டம் சுருங்கும், நான் அமுக்குவேன். முப்பத்தைந்தாவது மரத்தில் கீறியதும் அக்காவின் கை நின்றுவிட்டது. உள்ளே பழுப்பு. இன்னொரு கிளை. பழுப்பு. நாலாவது கிளையில், உச்சிக்குப் போகிற பக்கம், நூல் மாதிரி ஒரு பச்சை. அக்கா பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன்.

எல்லாம் முடிந்ததும் ஆப் ஒரு கேள்வி கேட்டது. எந்தக் கருவியால் சரிபார்த்தீர்கள்? சாட்டிலைட், டிரோன், லேசர், மற்றவை. மற்றவையைத் தொட்டேன். கட்டம் திறந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன்: மல்லிகா அக்காவின் நகம்.

இருட்டுவதற்குள் இறங்கிவிட்டேன். ஜெனி அதை இங்கிலீஷில் மாற்றி அனுப்பினாள். புதன் போச்சு. வியாழன் போச்சு. கட்டம் சிவப்பிலேயே இருந்தது. அக்கா தினமும் ரெண்டு தடவை போன் செய்தார். "இன்னா ஆச்சு?" என்று மட்டும் கேட்பார். ஒன்றும் ஆகவில்லை என்றால், "சரி" என்று வைத்துவிடுவார். அந்த "சரி"யைக் கேட்கத்தான் எனக்குப் பேஜாராக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மெயில் வந்தது. ஜெனி படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, போட்டோ எல்லாம் ஓகேவாம். கருவியப் பத்திதான் கேக்கறாங்க. கடைசியா எப்போ கேலிபரேஷன் பண்ணீங்களாம்."

"அப்டின்னா?"

"கருவி சரியா இருக்கான்னு பாத்து, சரி பண்ணது எப்போன்னு."

மலைக்குப் போன் போட்டேன். "அக்கா, மரத்த கீறுறதுக்கு முன்னாடி நகம் கடைசியா எப்போ வெட்டுன?"

"இன்னா கேள்வி இது? போன வியாழக்கிழமை."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"வெள்ளிக்கிழமை யாராவது வெட்டுவாங்களா? வியாழக்கிழமை ஆனா வெட்டிடுவேன். வாராவாரம்."

ஜெனி தட்டினாள். தட்டிவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, நம்ம டேனரி தராசுக்கே வருஷத்துக்கு ஒரு தடவதான்."

"வேற இன்னா கேக்கறாங்க?"

"இந்தக் கருவி ரிப்பேர் ஆனா, மாத்துக் கருவி இருக்கான்னு..."

"ஒன்பதுன்னு போடு."

சனிக்கிழமை காலையில் கட்டம் பச்சையாகியிருந்தது. நான் போனில் சொன்னபோது மல்லிகா அக்கா வழக்கம்போல "சரி" என்றார். ஆனால் இந்தத் தடவை உடனே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தமும், பின்னால் சருகு மிதிபடுகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் வைக்கவில்லை.

எங்கள் டேனரியின் அங்கீகரிக்கப்பட்ட கருவிகள் பட்டியலில் இப்போது பத்து நகங்கள் இருக்கின்றன. நிர்வாகத்தின் சார்பில் அக்காவுக்கு ஒரே ஒரு விதிமுறைதான் சொல்லியிருக்கிறேன்: எவ்வளவு கவலை வந்தாலும் கடிக்கக் கூடாது.