ஒரு நன்றிக் கடிதத்தின் மீது விசாரணை

போன வாரம் ஒரு நல்ல மனுஷியை வம்பில் மாட்டிவிட்டேன். எப்படி? நன்றி சொல்லித்தான்!

ஆரோக்கியசாமியிடம்தான் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு இலை வாங்குவது. கொள்ளிடக் கரையில் இரண்டு ஏக்கர் வாழை போட்டிருந்தார். கோடையில் ஒருநாள் சாயங்காலம் அடித்த சூறைக்காற்றில், தார் முற்றுவதற்குள் முக்கால்வாசி மரம் முறிந்துவிட்டது. திருவானைக்காவலில் எங்கள் மொட்டைமாடியில் காயப்போட்ட இரண்டு சட்டைகள் பறந்ததற்கே நான் அன்று புலம்பிக்கொண்டிருந்தேன்...

விழுந்த மரங்களைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. மறுநாளே ஆள் விட்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டார். அதற்கப்புறம்தான் அரசு நிவாரணம் அறிவித்தது. சேதத்தை நேரில் பார்த்துக் கணக்கெடுப்பார்களாம். பார்க்க என்ன இருக்கிறது? வெறும் அடிக்கட்டைகள். தார் வெட்டி முடித்த தோட்டமும் அப்படித்தான் இருக்கும். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. நிவாரணம் வந்தால் புதுக் கன்று நடலாம். வராவிட்டால் இந்த வருஷம் நிலம் தரிசுதான்.

கணக்கெடுக்க வந்தவர் கவிதா, அந்த ஊர் வி.ஏ.ஓ. சின்ன வயசு. வேறொருவராக இருந்தால் 'சேதம் இல்லை' என்று எழுதிவிட்டு வண்டியைக் கிளப்பியிருப்பார். இந்தப் பெண் மொட்டை வெயிலில் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு கட்டையையும் குனிந்து பார்த்து எண்ணினாராம்.

"காத்துல முறிஞ்சது நார்நாராக் கிழிஞ்சிருக்கும். கத்தி பட்டது அப்படி இருக்காதுங்கய்யா. எங்கப்பாவும் வாழை போட்டவர்தான்" என்றாராம்.

பணம் வங்கியில் ஏறியது. நஷ்டம் முழுவதும் ஈடாகவில்லைதான். ஆனால் கன்று நடப் போதும். ஆரோக்கியசாமி நேரே என்னிடம் வந்தார்.

"அவங்க ஒரு டீகூட வாங்கிக்கலைங்க சார். மேலதிகாரிக்கு நல்லவிதமா நாலு வரி எழுதிக் குடுங்க."

எழுதினேன். எங்கள் தெருவில் சாக்கடையோ, தெருவிளக்கோ, மனு எழுதுவது நான்தான். கை பழகிவிட்டது. மேலே, 'பொருள்: பயிர்ச் சேத நிவாரணம் – கிராம நிர்வாக அலுவலர் தொடர்பாக.' நடுவில் மனதாரப் பாராட்டு. கீழே – பழக்கதோஷம்! – 'எனவே உரிய விசாரணை நடத்தி, தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அவரும் நம்பிக் கையெழுத்துப் போட்டு, தாலுகா அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி படித்திருக்கிறார்கள். விளக்கம் கேட்டு கவிதாவுக்கு மெமோ போய்விட்டது.

"நான் என்னங்கய்யா தப்பு பண்ணினேன்?" என்று அவர் போனில் கேட்டதை ஆரோக்கியசாமி என்னிடம் சொன்னபோது, எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பெண்ணின் பெயரில் என் கையாலேயே ஒரு கறை!

மறுநாள் காலை இருவரும் அந்த அலுவலகத்துக்கு ஓடினோம். கவிதாவும் வந்திருந்தார். அதிகாரியிடம் என் தவறை ஒப்புக்கொண்டேன். அவர் கடிதத்தை வரவழைத்து, இந்த முறை நடுப்பகுதியையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"ரிட்டயர் ஆகப்போறேன் சார். நன்றின்னு ஒரு பேப்பர் இங்க வந்து நான் பார்த்ததில்ல. அதான் யாரும் நடுவுல படிக்கல."

வெட்கமாக இருந்தது. இதே பத்தியில் எத்தனை வாரம் அரசு அலுவலகங்களைக் கிழித்திருக்கிறேன்... திட்டுவதற்கு நம்மிடம் ரெடிமேடாக வாசகங்கள் உண்டு. நன்றிக்கு ஒன்றாவது இருக்கிறதா? கவிதாவுக்கு இங்கே முழு மனசோடு நன்றி சொல்கிறேன். நடவடிக்கை எதுவும் வேண்டாம்!

ஆனால் மெமோ போட்டாயிற்றே? விளக்கம் இல்லாமல் ஃபைலை மூட முடியாதாம். ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் அதிகாரி. கவிதா நின்றபடியே எழுதி நீட்டினார்.

'மனுதாரர் என்மீது கூறியுள்ள அனைத்தும் உண்மை.'