மச்சான் கேட்ட கொப்பி

மூன்று வருடங்களுக்கு முன், கச்சான் காற்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு ஆடி மாதத்தில், திருகோணமலை அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் மனைவியின் அண்ணன் பதினான்கு வருடங்களுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். எனக்கு மச்சான் முறை. ஒரே வகுப்பில் படித்தவன் என்பதால் வாடா போடா பழக்கம்.

நான் துறைமுகத்தில் பாரம்தூக்கி திருத்துபவன். நிரந்தர வேலை, பென்ஷன் உண்டு. அந்த வருடம்தான் எனக்கு அமெரிக்கா விசா லொட்டரி விழுந்திருந்தது. வேலையை விடுவதாகக் கடிதம்கூட எழுதி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். இங்கே முறிந்து உழைப்பவனுக்கும் மூலையில் தூங்குபவனுக்கும் ஒரே சம்பளம்; அங்கே உழைக்கிறவன் மேலே வருவான், என் மச்சானைப் பாருங்கள் என்று தேநீர் வேளைகளில் எல்லாம் சொல்லித் திரிந்தேன். வேலைத்தளத்தில் எனக்கு 'நியூயோர்க்' என்று பட்டமே வைத்துவிட்டார்கள்.

மச்சான் வந்ததிலிருந்து வீட்டில் ஒரே சிரிப்பு. இடியப்பத்தைக் கரண்டியால், அதுவும் இடது கையால் சாப்பிட்டான். கிணற்றடிக்கு வரவே மாட்டான், குழாயடியில்தான் குளிப்பு. "துரைக்கு இப்ப வாளி பிடிக்க ஏலாதாம்!" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னேன். அவனும் எங்களோடு சேர்ந்து சிரித்தான்.

நாலாம் நாள் பின்னேரம் குசினிப் பக்கம் வந்து, தணிந்த குரலில், "மச்சான், நாளைக்கு விடிய எனக்கொரு கொப்பி வேணும்" என்றான். அமெரிக்காக்காரன் அல்லவா, என் காதில் கோப்பி என்றுதான் விழுந்தது. அடுத்த நாள் காலையில் மனைவி மல்லி சேர்த்து வறுத்து இடித்த கோப்பியைப் பெரிய கோப்பை நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் கோப்பையைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான். சிரிக்கத் தொடங்கினவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கோப்பி இல்லை. கொப்பி. ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கொண்டு போற கொப்பி."

சட்டையைக் கழற்றிக் காட்டினான். வலது தோள் ஒரு பக்கம் வற்றி இறங்கியிருந்தது. கையைத் தூக்கப் பார்த்தான். நெஞ்சளவுக்கு மேல் வரவில்லை. மனைவி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"சாமான் கிடங்கில பெட்டி தூக்கித் தூக்கிப் போனது. ரெண்டு வருஷம் நோவுக்குக் குளிசையைப் போட்டுக்கொண்டு வேலை செய்தனான். பிறகு ஏலாமப் போச்சு. நிப்பாட்டிப் போட்டாங்கள்."

"அங்க இல்லாத ஆஸ்பத்திரியோ?" என்று கேட்டேன்.

"இருக்கு. வேலையோடதான் இன்சூரன்ஸ். வேலை போனா அதுவும் போச்சு. என்ர பாஸ்போட் இன்னும் இலங்கைதானே, இங்க காசில்லாமக் காட்டலாம் எண்டு வந்தனான்."

எனக்குத் துக்கத்தை விடக் கோபம்தான் முதலில் வந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். "அப்ப நீ ஒழுங்கா உழைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டேன். இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கவேண்டும் போலிருக்கிறது.

அவன் கோபிக்கவில்லை. "ரெண்டு வேலை மச்சான். ஞாயிறு பூசைக்கும் போகாமல் உழைச்சனான். எனக்கு முந்திப் போனவங்கள் உழைச்சு வீடு வாங்கினவங்கள், அது பொய்யில்லை. இப்ப உழைப்பு வாடகைக்குத்தான் காணுது. உழைக்கிற உடம்பு விழுந்தா, பிடிக்க ஆளில்லை."

கடையில் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் அதில்தான் எழுதுவார், ஒவ்வொரு முறையும் அதையே கொண்டுபோகவேண்டும். மர வாங்கில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தபோது என்னோடு வேலை செய்யும் ஒருவர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். "ஆ, நியூயோர்க்! இவர்தானே அமெரிக்கா மச்சான்? இங்க ஆருக்கு வருத்தம்?"

"எனக்குத்தான், நாரிப்பிடிப்பு. இவர் துணைக்கு வந்தவர்" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. மச்சான் கொப்பியை என் மடியில் வைத்தான். என் மானத்தைக் காப்பாற்ற அவன்தான் உதவினான்.

சற்று நேரத்தில் தாதி வெளியே வந்து அவனுடைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். மூன்றாம் தரமும் கூப்பிட்டார். என் மடியிலிருந்த கொப்பியை எடுத்துக்கொண்டு, "ஓம், நான்தான்" என்று அவன் எழுந்து போனான். பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெட்கத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஐந்து மாதம் சிகிச்சை பெற்றான். கை ஓரளவு திரும்பியது. திரும்ப அங்கேயே போய்விட்டான், பிள்ளைகள் அங்கேதான். நான் போகவில்லை. பயந்துவிட்டேன் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அமெரிக்காவில் உழைத்தால் இன்னும் முன்னேறலாமா என்று இளம் பெடியள் கேட்டால், தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சை விட்டுப் போகவில்லை: பதினான்கு வருடம், எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அவனோடு தொலைபேசியில் கதைத்தேன், ஒவ்வொரு முறையும் 'வேலை எப்பிடி' என்று கேட்ட நான், 'உடம்பு எப்பிடி' என்று ஒருநாளும் கேட்டதில்லை.