மாப்பிள்ளை தோற்ற ஆட்டம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். வரும்தான். வந்தால் என்ன? அந்தக் கோபம் இல்லையென்றால் இன்றைக்கு நான் போடியில் மாமா வீட்டு மருமகளாக அடி வாங்கிக்கொண்டு இருந்திருப்பேன்.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். போடியில் ஏலக்காய் வியாபாரம். நாங்கள் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் இருந்தோம். அப்பா வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டினார். காலேஜுக்காக நான் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். மாமாவுக்கு ஒரே மகன். நான் பிறந்த அன்றே அவனுக்குத்தான் நான் என்று பேசி வைத்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வேண்டாமென்று சொல்லவில்லை, அவனை எனக்குப் பிடிக்கத்தான் செய்தது.

அவனிடம் ஒரு கேம் இருந்தது. டி.வி.யில் போட்டு ஆடுவது. மல்யுத்தம்தான், ஆனால் கயிறு கட்டிய மேடையில் கட்டிப் புரளுகிற மல்யுத்தம் இல்லை. அமெரிக்க ராப் பாடகர்கள் கழுத்து நிறையத் தங்கச் சங்கிலியும் தொளதொள கால்சட்டையுமாக வந்து, ரயில் நிலையத்திலும் சாராயக் கடையிலும் நடுத்தெருவிலும் அடித்துக்கொள்வார்கள். பின்னால் அவர்கள் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டா அது, வாயாலேயே ஒருத்தனை ஒருத்தன் அடிக்கிற மாதிரி இருக்கும். ஒரு சொல் புரியாது, ஆனால் அந்தத் தாளத்துக்கு விரல் தானாக ஓடும். சுற்றி நிற்கிற கூட்டமும் சும்மா நிற்காது. தப்பித்து வெளியே வருகிறவனைத் திரும்ப உள்ளே தள்ளும். சில சமயம் ஒருத்தனின் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொடுக்கும். மற்றவன் வந்து சாவகாசமாகக் குத்துவான். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பல் தெறிக்கும்போது சத்தம் போட்டுச் சிரிப்பேன்.

அவன் ஏலக்காய்க் கடைக்குப் போன பிறகு தனியாக ஆடி ஆடி நான் அதில் கைதேர்ந்துவிட்டேன். அது அவனுக்குத் தெரியாது.

படிப்பு முடிந்ததும் பூ வைக்க நாள் குறித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் கல்யாணம் உறுதி. அப்புறம் பேச்சு மாற முடியாது. முந்தின நாளே அம்மாவும் குரங்கணியிலிருந்து சித்தி குடும்பமும் வந்துவிட்டார்கள். சாயங்காலம் அவனுடைய கூட்டாளிகள் வந்து கேமைப் போட்டார்கள். ஒவ்வொருவனாக அவனிடம் தோற்றான். தலைகால் புரியவில்லை அவனுக்கு. பொம்பளைக்கு இதெல்லாம் எங்கே வரும் என்று என்னைச் சீண்டினான். வாங்கினேன் ஜாய்ஸ்டிக்கை.

நான் சடை போட்ட தடித்த ஆள் ஒருத்தனை எடுத்தேன். அவன் வழக்கமாக எடுக்கிற மொட்டைத் தலையை எடுத்தான். முதல் பிடியிலேயே மொட்டையின் மண்டையைச் சுவரில் மோதினேன். கையை முறித்தேன். கூட்டத்தில் ஒருத்தன் மொட்டையைப் பிடித்துக்கொடுக்க, முகத்திலேயே குத்தினேன், ரத்தம் சட்டையெல்லாம் வழிகிற வரைக்கும். கடைசியில் அலாக்காகத் தூக்கிக் கண்ணாடி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தேன். கூட்டாளிகள் ஊளையிட்டார்கள். இப்பவே இப்படி என்றால் கல்யாணத்துக்கு அப்புறம் உன் கதி என்னடா மாப்ளே என்று ஒருத்தன் கேட்டான். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“இன்னொரு ஆட்டம் போடுவமா, இல்ல அழுதுருவீகளா?” என்று தோற்றவனைக் கேட்டேன்.

அவன் என் சடையைப் பிடித்தான். விளையாட்டுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். இழுத்த இழுப்பில் பின்மண்டை தரையில் மோதியது. அப்படியே டி.வி. வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். காதுக்குப் பின்னால் ஒரு கொத்து முடி வேரோடு அவன் கையில் போய்விட்டது. நான் எழுந்து ஜாய்ஸ்டிக்கால் அவன் வாயிலேயே அடித்தேன். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கும் அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

விலக்கிவிட ஆட்கள் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் என்னைத்தான் பிடித்தார்கள். அம்மா ஒரு கை, சித்தி ஒரு கை. அவனை யாரும் தொடவில்லை. மாப்பிள்ளை மேல் யாராவது கை வைப்பார்களா? எங்கள் வீட்டு வழக்கம் அது. என் இரண்டு கையும் அவர்களிடம் இருக்க, அவன் நிதானமாக நடந்து வந்து என் அடிவயிற்றில் உதைத்தான். கன்னத்தில் அறைந்தான். மறுபடியும் அறைந்தான். டி.வி.யில் பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அடுப்படியில் வாந்தி எடுத்துக்கொண்டே எனக்கு இவன் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். “அடிக்காத ஆம்பள எங்கடி இருக்கான்? நீ மட்டும் சும்மாவா இருந்த?” என்றாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சித்தி எடுத்துக்கொடுத்தாள். காலையில் அப்பா மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். வீங்கிய கன்னத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். குளிக்கிற இடத்தில் வழுக்கிவிட்டாள் என்று அம்மா சொன்னாள். இல்லை, அடித்தான் என்று நான் சொன்னேன். அவர் போய் ஆண்களோடு உட்கார்ந்துகொண்டார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

எண்ணெய் வைத்து, முடியை இழுத்துச் சீவி, அவன் பிடுங்கிய இடத்தை மறைத்து, என்னைக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். பூ வைத்தால் பிடுங்கி எறிவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அத்தனை பேர் முன்னால் எறிந்திருப்பேனா என்று இப்போது கேட்டால் தெரியவில்லை.

அத்தை, அதாவது மாமாவின் மனைவி, தட்டிலிருந்து பூவை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். ஒரே வீட்டில் இருந்த இத்தனை காலத்தில் அவள் மாமாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பூவைச் செருக முடியை விலக்கினாள். விரல் அந்த வெறும் தோலில் பட்டு நின்றது. எனக்குச் சுரீரென்று எரிந்தது. அவள் பூவைத் திரும்பவும் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

“எனக்கும் இதே எடத்துலதான் பிடுங்குனாரு” என்றாள். “நான் வைக்க மாட்டேன்.”

மாமா எழுந்து வந்து அவள் கன்னத்தில் விட்டார். தட்டு கவிழ்ந்தது. உடனே பெண்கள் ஓடிப்போய்ப் பிடித்தார்கள், அத்தையைத்தான். பேசாமல் இரு, பேசாமல் இரு என்று அவளைத்தான் அடக்கினார்கள். அம்மா அவளுடைய வலது கையைக் கட்டிப் பிடித்திருந்தாள். மாமா இரண்டாவது அடியைத் தாடையில் அடித்தார். அந்த அடியில் அத்தையோடு சேர்ந்து அம்மாவும் ஆடிப்போனாள்.

“விடும்மா. அத்தை கைய விடு” என்று நான் கத்தினேன்.

அம்மா விட்டாள். தன் கையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு போய் மாமாவுக்கு நேராக நின்றாள். அண்ணன் சொல்லைத் தட்டாத தங்கச்சி என்று ஊரே சொல்லும் அவளை.

“போதும்ண்ணே. எம் பிள்ளைய இந்த வீட்டுக்குக் குடுக்க மாட்டேன்.”

இனிமேல் இந்த வாசப்படியை மிதிக்காதே என்று மாமா கத்தினார். அம்மா என் பையை எடுத்துக்கொண்டாள். அப்பா போய் ஜீப்பைக் கிளப்பினார். நான் பின்னால் ஏறினேன். அம்மா ஏறியவள் திடீரென்று இறங்கி வீட்டுக்குள் போனாள். அண்ணன் காலில் விழப் போய்விட்டாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அத்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அத்தை காலில் செருப்பில்லை. தாடையில் ரத்தம்.

“ஏறுங்க மதினி” என்றாள் அம்மா.

அத்தை ஜீப்புப் படியில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றாள். அவள் மகன் கிழிந்த உதட்டோடு வாசலுக்கு வந்தான். எங்கே போகிறாய் என்று அவன் கேட்கவில்லை.

“யம்மா, அப்ப சோறு யாரு பொங்குறது?” என்றான்.

அத்தை அவனைப் பார்த்தாள். ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வெரசா எடுங்கண்ணே” என்று அப்பாவிடம் சொன்னாள்.